வாட்ச்மேன்தான் முதலில் சாவார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழு பேர் உட்கார்ந்து பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் மனைவிமார், நடுவில் இரண்டு பீட்சா டப்பா. படம் புதுசு, கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலிருந்து கார் கிளம்புகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது, பனிக்குள்ளிருந்து ஒரு பழைய பங்களா எட்டிப் பார்க்கிறது. கேட்டைத் திறக்க ஒரு கிழவர் வருகிறார். மங்கி குல்லா, பழுப்புக் கம்பளி, கையில் லாந்தர். லாந்தரைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ராத்திரியில வெளிய வராதீங்கய்யா" என்கிறார். "இந்தாளு அடுத்த சீன்ல அவுட்டு" என்றார் சோபாவில் இருந்தவர். சொன்ன மாதிரியே அடுத்த சீனில் கிழவர் கிணற்றடியில் கண் பிதுங்கிக் கிடந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவும்போதுதான் அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. எங்கள் அப்பா கோத்தகிரி பக்கத்தில் ஒரு பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேன். அதே மங்கி குல்லா, அதே கம்பளி. அந்த ஹாலில் இருந்த ஏழு பேரில் என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே படுத்தால், முப்பது வருஷத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் ஒரு தியேட்டரில் நடந்தது வந்து நின்றது.

அதைச் சொல்ல, முதலில் ஷூட்டிங்கைச் சொல்ல வேண்டும்.

பனி வராத நாள்

1995 மே மாதம். நான் ஐந்தாவது முடித்திருந்தேன். பங்களா முதலாளி கோயம்புத்தூர்க்காரர், வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். பத்து நாளைக்கு ஒரு சினிமா கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஜெனரேட்டர் வண்டி ஏற முடியாமல் கடைசி வளைவில் மாட்டிக்கொண்டதும், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் போய்த் தள்ளியதும் பெரிய திருவிழா மாதிரி இருந்தது. பேய்ப்படம் என்றார்கள். பேய் வேஷம் போட்ட அக்கா பகலெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் அம்மாவிடம் பால் இல்லாத வரட்டீ வாங்கிக் குடித்துவிட்டு, சாயந்திரம் ஆனதும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நடுங்கும். ராத்திரிக் குளிருக்கு அது நடுங்கியதைத்தான் பேயின் ஆங்காரம் என்று பிறகு தியேட்டரில் பார்த்தோம்.

பனி மட்டும் வரவே இல்லை. வருஷம் முழுக்கக் கேட்காமலே ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து துணியை ஈரமாக்கும் பனி, அந்தப் பத்து நாளும் போன இடம் தெரியவில்லை. வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது, ராத்திரியில் மேட்டுப்பாளையத்து விளக்குகள் கீழே மினுமினுக்கும். அவர்கள் கரித் தணலில் சாம்பிராணியைக் கொட்டி, அட்டையால் விசிறிப் புகை கிளப்பினார்கள். கற்பூர மரக் காடும் சாம்பிராணியுமாகச் சேர்ந்து அந்தப் பத்து நாளும் பங்களா கோயில் மாதிரி மணத்தது.

படத்தில் வரும் வாட்ச்மேனுக்குக் கொண்டுவந்திருந்த கம்பளி பளபளவென்று புதுசாக இருந்ததாம். அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் வந்து அப்பாவின் கம்பளியையும் லாந்தரையும் கேட்டார். அப்பா கொடுத்தார். நடித்தவர் சென்னைக்காரர், வயசானவர், நல்ல மனுஷர். அப்பாவிடம், "நீங்க எப்படிண்ணே நடப்பீங்க, காட்டுங்க" என்று கேட்டார். அப்பா நடந்து காட்டினார். லாந்தரை முழங்காலுக்குக் கீழே, உடம்பை விட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தலையைக் குனியாமல். "அப்படிப் புடிச்சா மூஞ்சி தெரியாதே" என்றார் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர். "தெரியாதுங்க சார்" என்றார் அப்பா. கடைசியில் லாந்தர் முகத்துக்கு நேராகப் போயிற்று.

இன்னொரு கூத்தும் நடந்தது. கதையில் பேயை ஓட்ட ஒரு மலைவாசி மந்திரவாதி வேண்டும். எலும்பு மாலை, முகத்தில் கரி, தலையில் இறகு என்று ஒருவரை அலங்காரம் பண்ணி நிறுத்தியிருந்தார்கள். பங்களாவுக்குத் தேன் கொண்டுவந்து விற்கும், குறும்பர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் அன்றைக்கு வேட்டி சட்டையில், கையில் தேன் பாட்டிலோடு வந்து வேடிக்கை பார்த்தார். "இது யாரு?" என்று அப்பாவிடம் கேட்டார். "நீதாம்பா" என்றார் அப்பா. இரண்டு பேரும் கொல்லைப்புறம் போய் வயிறு வலிக்கச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது வெள்ளைக்காரன் காலத்து நீலகிரிப் புத்தகங்களில், சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் 1835-ல் மட்டும் நாற்பத்தெட்டு குறும்பர்கள் கொல்லப்பட்டதாகப் படித்த பிறகு, அந்த எலும்பு மாலை எனக்குச் சிரிப்பாக இல்லை. ஒரு கூட்டத்தைப் பார்த்து இன்னொரு கூட்டம் பயப்படுவதை மேக்கப் போட்டுப் பத்து நிமிஷம் காட்டிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பயம் வெளியே நடமாடினால் யார் சாவார்கள் என்பது எப்போதோ முடிவானது.

மேட்டுப்பாளையம்

படம் அடுத்த வருஷம் வந்தது. பேர் வேண்டாம், யாருக்கும் ஞாபகமிருக்காது. ஒரு கல்யாணத்துக்காகக் கீழே இறங்கியபோது அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் மதியக் காட்சிக்குப் போனோம். எங்கள் பங்களாவைத் திரையில் பார்த்ததும் தம்பி கத்தியதில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் வந்தார். அப்பாவின் கம்பளி, தோளில் அம்மா போட்ட நீல ஒட்டு தெரிந்தது. இருபது நிமிஷத்தில் செத்துப் போனார். தியேட்டரே விசில். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். பேய் வந்தது, கதவு தானாகத் திறந்தது, கண்ணாடியில் ரத்தம் வழிந்தது, எதற்கும் அவர் அசையவில்லை.

அப்புறம் ஒரு காட்சி. வீட்டில் யாரும் இல்லை. ஹால் இருட்டு. தேக்கு மேஜை மேல் கறுப்பு டெலிபோன். அது அடிக்க ஆரம்பிக்கிறது. டிரிங் டிரிங் என்று நாலைந்து முறை. அப்பா எழுந்து நின்றுவிட்டார். முறுக்குப் பொட்டலம் மடியிலிருந்து விழுந்தது. ஒரு கால் வரிசையை விட்டு வெளியே வைத்தாயிற்று. பின்னாலிருந்து, "யோவ், உக்காருய்யா, மறைக்குது" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், "பெருசு பயந்துடுச்சுடா" என்றான். சுற்றிச் சிரிப்பு. அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்தார். எனக்குப் பத்து வயசு. அந்த அவமானம் காதெல்லாம் சுட்டது. பேய்க்குப் பயந்த அப்பா.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் படத்தைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "அந்த ஆளு லாந்தரத் தப்பாப் புடிக்கிறாரு பாப்பா. மூஞ்சிக்கு நேராப் புடிச்சா கண்ணு கூசும். எதுக்க என்ன நிக்குதுன்னே தெரியாது." நான் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யார் வீட்டுப் பேய்

நான் பேய்ப்படப் பைத்தியம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மதியத்துக்குப் பிறகு ஒன்றையும் விட்டதில்லை. காசு கொடுத்துப் பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. "அதுல போய் சமூகவியல் தேடாத" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தேடவில்லை. ஆனால் இத்தனை பார்த்தபின் ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. பேய் எப்போதும் ஒரு வீட்டில்தான் இருக்கும், அந்த வீடு யாருடையது என்பதுதான் பத்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை மாறும்.

1963-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் அது ஜமீன் வீடு. போன பிறவியில் ஜமீன்தார் மகனுக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் காதல், அதற்கு எமனாக நம்பியார். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. பதினைந்து வருஷம் கழித்தும் திரையில் ஜமீன்தார் நூறு வயசைத் தாண்டி, பகை ஆறாமல் உயிரோடு இருந்தார். சட்டப்படி செத்தவர் நிஜமாகச் செத்தாரா என்று ஊருக்கே சந்தேகம் இருந்த காலம், படம் அதைத்தான் கேட்டது. எழுபதுகளின் கடைசியில் பயம் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. 'ஆயிரம் ஜென்மங்க'ளில் கணவனின் பழைய காதலி பேயாகி மனைவி உடம்புக்குள் புகுவாள். அவனுக்கு ஒரு பழைய காதல் இருந்தது, அதற்கான தண்டனை முழுக்கப் பெண்களின் உடம்பில் நடக்கும். அந்தக் காலப் பேய்கள் முக்கால்வாசி கல்யாணம் ஆகாமல் செத்தவர்கள். 2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது அமெரிக்காவிலிருந்து மனநல டாக்டரே வந்துவிட்டார், பேய் இல்லை, வியாதி என்று. என்றாலும் சாமியார் இல்லாமல் டாக்டராலும் முடிக்க முடியவில்லை என்பதை நான் ரசித்தேன். நம் ஊரில் ஸ்கேன் எடுத்த கையோடு கோடாங்கியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருபவர்கள்தானே நாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2009. ஒரே வருஷத்தில் 'யாவரும் நல'மும் 'ஈர'மும். பேய் பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு அபார்ட்மென்டுக்குக் குடிவந்த வருஷம் அது. 'யாவரும் நல'த்தில் பதின்மூன்றாம் மாடியில் புதுசாக வாங்கிய வீடு, கூட்டுக் குடும்பம், லிப்ட் மாதவனுக்கு மட்டும் ஓடாது, வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியலில் அதே குடும்பத்தின் கதை ஓடும். அப்போது நானும் என் வீட்டுக்காரரும் வீட்டு லோனுக்கு அலைந்துகொண்டிருந்தோம். வாங்கிய வீட்டில் வில்லங்கம் இருந்தால் என்ன பண்ணுவது என்பதைவிடப் பெரிய பேய் அன்றைக்கு எங்களுக்கு இல்லை. 'ஈர'த்தில் பேயைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வாய்தான் கொல்லும். அதற்கப்புறம் 2011-ல் 'காஞ்சனா', நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கை பேயாக வந்தபோது தியேட்டர் பேயின் பக்கம் நின்று கைதட்டியது. மிஷ்கினின் 'பிசாசு' 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பயப்பட வேண்டியது யாரைப் பார்த்து என்றே கேட்டது. இவை இரண்டையும் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் மலைக்கு வண்டி ஏறியதும் எல்லாம் பழைய கதைதான். பனி, பங்களா, கிழவர். காரில் வருகிறவர்கள் மட்டும் மாறுகிறார்கள்: ஜமீன் வாரிசு, தேனிலவு ஜோடி, கதை எழுத வந்த டைரக்டர், இப்போது ரிசார்ட் நடத்த வந்த நாலு பையன்கள். பயம் வந்தவர்களுடையது. டிக்கெட்டும் வந்தவர்கள்தான் வாங்குகிறார்கள். கேட்டைத் திறந்துவிடுகிறவருக்குப் பயம் எதுவும் எழுதி வைக்கவில்லை, அவர் பயமுறுத்த மட்டும்தான் வருகிறார். லாந்தர் ஏன் முகத்துக்கு நேராகப் போகிறது என்று எனக்கு இப்போது புரிகிறது. அது அவர் வழி பார்க்கிற வெளிச்சம் இல்லை, அவரை நாம் பார்க்கிற வெளிச்சம்.

எங்கள் லைன்களில் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் அப்பாயி இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஏதேதோ முத்திரை குத்திய தாள்கள். மழை பிடித்தால் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அதைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். காக்கிச் சட்டையில் யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவராக இருந்தாலும், பெட்டி எங்கே என்றுதான் கை தேடும். 2009 நவம்பரில் அந்தப் பெருமழையில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் செத்தபோது, மூன்று ராத்திரி எங்கள் லைனில் யாரும் படுக்கவில்லை. சரிவு வரும் முன்னால் சத்தம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை யாராவது படமாக எடுத்தால் நான் முதல் காட்சிக்குப் போவேன்.

2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் ராத்திரி ஆட்கள் புகுந்து காவலாளி ஒருவரைக் கொன்றார்கள். அப்பா வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே என்ன இருந்தது, எதை எடுத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "எந்த கேட்டு?" வாட்ச்மேன் முதலில் சாவது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை.

அந்தப் பங்களா இப்போது ஹோம்ஸ்டே. பேய் இருக்கிறது என்று யாரோ வீடியோ போட்ட பிறகு புக்கிங் கூடியிருப்பதாக அங்கே சமைக்கும் என் சித்தி சொல்கிறாள். வருகிறவர்கள் ராத்திரி ப்ரொஜெக்டரில் பேய்ப்படம் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்களாம். ஒருநாள் படம் ஓடும்போதே சமையல்கட்டுக் கதவு மடார் மடார் என்று இடிபட்டது. ஹாலில் ஒரே அலறல். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "கரடி வந்திருக்கு, எண்ணெய் வாசத்துக்கு. யாரும் வெளிய போகாதீங்க" என்றாளாம். அலறியவர்கள் அப்பாடா என்று சிரித்துவிட்டு, போட்டோ எடுக்க ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்கள். பேய் என்றால் பயம், கரடி என்றால் போட்டோ. சித்திக்கு நேர் எதிர்.

நான் கேட்டது

அந்தச் சனிக்கிழமை சிரிப்பு உறுத்தி, அடுத்த வாரமே கோத்தகிரிக்குப் போனேன். அப்பாவுக்கு எழுபத்தி நாலு. திண்ணையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஏம்ப்பா, அன்னிக்கு மேட்டுப்பாளையத்துல, போன் அடிச்சப்ப எந்திரிச்சு நின்னீங்களே, பயந்துட்டீங்களா?"

அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக அவரும் அதை வைத்திருந்தார் போல.

"பயந்துதான் நின்னேன்" என்றார். "மொதலாளி ராத்திரியில கூப்புடுவாரு. பன்னெண்டு, ரெண்டு, மூணரை, எப்பன்னு சொல்ல முடியாது. நான் முழிச்சிருக்கேனான்னு பாக்கறதுக்கு. கேட்டுல இருந்து ஓடி, சைடு கதவத் தொறந்து, ஹாலுக்குள்ள போயி எடுக்கணும். எடுத்து 'எல்லாம் சரியா இருக்குங்கய்யா'ன்னு சொல்லணும். மணி பத்து தடவ அடிக்கறதுக்குள்ள எடுக்கலேன்னா அரை நாள் சம்பளம் போச்சு. ஒருநாள் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவால காட்டெரும நின்னுச்சு. உள்ள போன் அடிக்குது. நான் இந்தப் பக்கம், அது நடுவுல. எண்ணிக்கிட்டே நிக்கறேன், ஒம்போது, பத்து, பதினொண்ணுன்னு. நின்னு போச்சு. அப்புறம் மறுபடி அடிக்குது."

"எத்தன வருஷம்?"

"அவரு சாகற வரைக்கும்." பீன்ஸ் நாரை உரித்துக் கீழே போட்டார். "லைட்டு போட விட மாட்டாங்க, கரண்டு பில்லு ஏறும்னு. இருட்டுல அந்த ஹாலுக்குள்ள போன் அடிக்கும் பாரு, நெஞ்சு வாய்க்கு வந்துரும். தியேட்டருல அதே ஹாலு, அதே மேஜ. நான் எங்க இருக்கேன்னே மறந்துட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து, "இப்பவும் ராத்திரி போன அரிசி டின்னுக்குள்ள போட்டுத்தான் படுப்பாரு" என்றாள். நான் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் எப்போதும் எடுக்க மாட்டார்கள். டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக ஆபீஸ் முடிந்து, சமையல் முடிந்து, ஒன்பதரைக்கு மேல்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் பனி இறங்கிவிட்டது, கரண்டும் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் கூட வந்தார். நான் செல்போன் லைட்டைப் போட்டுத் தூக்கிப் பிடித்தேன். எதிரே வெறும் வெள்ளைச் சுவராக நின்றது பனி, ஒன்றும் தெரியவில்லை. "கீழ புடி" என்றார். கையை முழங்காலுக்கு இறக்கினேன். கல்லும் ஈரப் புல்லும் ஒரு சாணிக் குவியலும் தெரிந்தன. அது புதுசு, ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்பா என் தோளைத் தொட்டு நிறுத்தி, டார்ச்சை அணைத்தார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.